ராத்திரியில் உனக்கு என்ன வேலை?

சென்னைப் பட்டணத்தின் ‘இரவு வாழ்க்கை’ மீண்டும் உயிர் பெற்றுவிட்டது என்று சில வருஷங்களாகவே பேசிக்கொள்கிறார்கள். கொரோனாக் காலத்தில் செத்துக் கிடந்ததாம். இப்போது எழுந்து உட்கார்ந்ததோடு நிற்காமல், முன்னைவிடச் சதை பிடித்து மினுமினுவென்று இருக்கிறதாம். சொல்லுகிறவர்கள் காட்டுகிற அத்தாட்சிகளைக் கொஞ்சம் கவனியுங்கள்: நட்சத்திர ஓட்டல்களில் சனிக்கிழமைதோறும் நடக்கிற நடனக் கேளிக்கைகள், நள்ளிரவு தாண்டியும் பிரியாணி பரிமாறுகிற குளிர்சாதன ஓட்டல்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசை பிடித்து நிற்கிற கார்கள். இவையெல்லாம் திரும்பி வந்துவிட்டன; ஆகவே, இரவும் திரும்பி வந்துவிட்டது! கணக்கு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

இந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. கையில் காசு இருக்கிறது, காலில் வலு இருக்கிறது, ஆடட்டும். ‘நைட் லைஃப்’ என்கிற இங்கிலீஷ்ச் சொல்லை ‘இரவு வாழ்க்கை’ என்று தமிழாக்கி வைத்துக்கொண்டோமே, அப்போதே அதன் அர்த்தத்தையும் அவர்களிடமே கடன் வாங்கிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். குடியும் கூத்தும் மட்டுமே இரவு வாழ்க்கை என்றால், கோயம்பேட்டில் விடிய விடிய மூட்டை சுமக்கிறவன் அந்த நேரத்தில் வாழவில்லையா?

இராப்பொழுதில் கடை போடுவதை நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பகல் சந்தைக்கு நாளங்காடி என்றும் இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்றும் தனித்தனியே பெயர் வைத்திருந்தவர்கள் நாம். மதுரைக்காஞ்சியைப் புரட்டினால், ஒரு நகரத்தின் இரவை யாமம் யாமமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார் மாங்குடி மருதனார். அங்கேயும் ஊர்காவலர்கள் வருகிறார்கள். ஆனால் அவர்கள் தேடி அலைவது கள்வர்களை. பலகாரம் விற்கிறவன் தன் பாட்டுக்குத் தன் கடையில் தூங்கிக்கொண்டிருக்கிறான், அவனைத் தட்டியெழுப்பி, “ராத்திரியில் உனக்கு இங்கே என்ன வேலை?” என்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்விதான் விஷயம். இன்றைய சென்னையின் இரவைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்தக் கேள்வியிலிருந்துதான் பேச வேண்டும்.

பாட்டிமார் கதை சொல்லும்போது ‘ஊர் அடங்கிய பிறகு’ என்பார்கள். அதில் அதட்டல் இல்லை. ஊர் தானாக அடங்கும். அடங்க மனமில்லாதவர்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள். அந்த அழகான சொல்லை எடுத்து, அதன் பின்னால் ‘உத்தரவு’ என்கிற வாலை ஒட்டிவிட்டோம். 2020 மார்ச் 25-ஆம் தேதி தேசம் முழுவதையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். மே மாதம் பூட்டைச் சற்றே தளர்த்தியபோது, மாலை 7 மணிமுதல் காலை 7 மணிவரை வெளியே தலைகாட்டாதே என்றார்கள். ஜூனில் அந்த மாலை 7 மணி இரவு 9 மணி ஆயிற்று. ஜூலையில் 10 மணி ஆயிற்று. ஆகஸ்டில் மத்திய சர்க்கார் அதை எடுத்துவிட்டது. 2021 ஏப்ரல் 20-இல் தமிழ்நாட்டில் மறுபடியும் இரவு ஊரடங்கு: 10 மணிமுதல் அதிகாலை 4 மணிவரை. 2022 ஜனவரி 6-இல் மூன்றாம் தடவை: 10 மணிமுதல் 5 மணிவரை. ஜனவரி 28-இல் விலக்கிக்கொண்டார்கள்.

கிருமிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்று அப்போதே ஜனங்கள் கேலி பேசினார்கள். கேலியை விடுங்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைமை விஞ்ஞானியாக அந்தச் சமயத்தில் இருந்த சௌமியா சுவாமிநாதன் – நம் சென்னைப் பெண்மணிதான் – 2022-ஆம் வருஷம் பிறந்த கையோடு, இரவு ஊரடங்குக்குப் பின்னால் விஞ்ஞானம் எதுவும் இல்லை என்று பகிரங்கமாகவே சொன்னார். சொல்லி ஒரு வாரம் ஆவதற்குள் இங்கே மூன்றாவது ஊரடங்கு!

முதல் வருஷத்தைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை. மனுஷன் மனுஷனைக் கண்டு பயந்த காலம் அது. எரிகிற சிதைகளையும் பிராணவாயுவுக்காக ஓடிய ஜனங்களையும் பின்னால் நாம் பார்த்தோம். அந்த நிலையில் எந்தச் சர்க்காரும் தடுமாறத்தான் செய்யும். ஆனால் பூட்டியதைத் திறந்தார்களே, அந்த வரிசையைப் பாருங்கள். அதில் தடுமாற்றம் இல்லை, தெளிவு இருந்தது. 2020 ஆகஸ்டு 18-இல் சென்னையில் சர்க்கார் மதுக்கடையைத் திறந்தார்கள். செப்டம்பர் 7-இல் மெட்ரோ ரயிலை ஓட்டினார்கள். செப்டம்பர் 28-இல் கோயம்பேடு காய்கறி மொத்தச் சந்தை. நவம்பர் 10-இல் சினிமாக் கொட்டகை. டிசம்பர் 14-இல் மெரினா கடற்கரை. தினக்கூலிக்காரர்கள் நம்பியிருந்த மின்சார ரயிலில் பொதுஜனம் எல்லோரும் ஏறலாம் என்றது அதற்கும் பின்னால், டிசம்பர் 23-இல். அதுவும் நேரக் கட்டுப்பாட்டோடு. கூரையில்லாத, சுவரில்லாத, வங்காள விரிகுடாவின் காற்று முழுவதும் வந்து அடிக்கிற, காலணா செலவில்லாமல் உட்காரக்கூடிய கடற்கரை, மதுக்கடைக்கு நான்கு மாதம் பிந்தித் திறந்தது. நோய்க்குப் பயந்த வரிசையா இது? வருமானம் வருகிற இடம் முதலில்; வெறுமனே உட்காருகிற இடம் கடைசியில். ஒரு நகரம் தன் ஜனங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கு இதைவிடப் பச்சையான வாக்குமூலத்தை நான் படித்ததில்லை.

அவசரத்துக்கு வந்த கட்டுப்பாடு அவசரம் தீர்ந்ததும் தானாகப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் பழைய சரித்திரத்தைப் படிக்க வேண்டும். 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னை பாதி காலியாயிற்று. இருட்டடிப்பு வந்தது. யுத்தம் முடிந்ததும் விளக்கை ஏற்றிவிட்டார்கள். அதே காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடு என்ன ஆயிற்று? 1952-இல் ராஜாஜி வந்து எடுக்கிறவரைக்கும் அது இந்த ராஜ்யத்தின் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. யாராவது ஒருவர் பிடித்து இழுத்து வெளியே போட்டால்தான் இவை போகும். இரவு ஊரடங்கை 2022 ஜனவரியில் காகிதத்திலிருந்து எடுத்தார்கள். ரோந்து போகிறவர்கள் மனசிலிருந்தும், அதைவிட முக்கியமாக, நம் மனசிலிருந்தும் அதை எடுத்தவர் யார்?

கோயம்பேட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? இரவு வாழ்க்கை மீண்டுவிட்டது என்று கணக்கெழுதுகிறவர்களில் ஒருவராவது அந்தச் சந்தைக்குள் இரவு 2 மணிக்குக் கால் வைத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். நீங்கள் தூங்கப் போகிற நேரத்தில்தான் அங்கே விடிகிறது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தக்காளி லாரிகள், மகாராஷ்டிரத்து வெங்காய லாரிகள், தென்ஜில்லா முருங்கைக்காய், ஓசூர்ப் பக்கத்து முட்டைகோஸ். தலையில் சும்மாடு கட்டிய ஆட்கள் ஒருவர் கழுத்தின் பின்னால் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு மூட்டை இறக்குகிறார்கள். சைக்கிளில் டீ டிரம்மைக் கட்டிக்கொண்டு ஒருவன் அத்தனை பேருக்கு நடுவிலும் சிந்தாமல் ஓட்டிக்கொண்டு போகிறான். பூக்கடைப் பக்கம் போனால் பெண்கள். கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறவர்கள். அங்கே சண்டை உண்டு, சீட்டு உண்டு, பாட்டு உண்டு, காதல்கூட உண்டு. இது இரவு வாழ்க்கை இல்லையென்றால் வேறு எது?

அந்தச் சந்தையை 2020 மே 5-இல் மூடி, நகரத்துக்கு வெளியே திருமழிசைக்குத் துரத்தினார்கள். கோயம்பேட்டிலிருந்துதான் கொரோனா கிளம்பிற்று என்று அந்தச் சமயத்தில் திட்டாதவர் யார்? ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஏப்ரல் 26-ஆம் தேதிமுதல் நான்கு நாள் எல்லாவற்றையும் முழுசாக மூடப் போகிறோம் என்று 24-ஆம் தேதி அறிவித்தார்கள். நடுவில் மிச்சமிருந்தது ஒரே நாள். நம்மைப் போன்ற மரியாதைப்பட்ட குடும்பஸ்தர்களும் நம் தெருக் கடைக்காரரும் அந்த ஒரு நாளில் அத்தனை பேரும் சந்தையில் போய் விழுந்தோம். கூட்டத்தை உண்டாக்கியவர்கள் ஒரு பக்கம். கூட்டமாய்ப் போய் விழுந்தவர்கள் ஒரு பக்கம். பழி மட்டும் மூட்டை தூக்குகிறவன் தலையில். அவனுக்குத்தான் தலைச்சுமை பழக்கமாயிற்றே!

சினிமாக் கொட்டகையின் இரண்டாவது ஆட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சாப்பாட்டை முடித்து, அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போவார்கள். படம் விட்டு 1 மணிக்குத் திரும்புகிற கூட்டத்தை நம்பி ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், அவித்த கடலை விற்கிறவர் என்று ஒரு சிறு ஊரே கொட்டகை வாசலில் பிழைத்தது. அந்தக் கூட்டம் இருக்கிற தெருவில் தனியாக வருகிற பெண்ணுக்கும் பயமில்லை. 2020 மே 29-இல் ‘பொன்மகள் வந்தாள்’ கொட்டகைக்கு வராமல் நேரே வீட்டுக்குள் வந்தது. அதன் பிறகு படம் பார்ப்பதற்காகச் செருப்புப் போட வேண்டிய அவசியம் குறைந்துபோயிற்று. தண்டையார்ப்பேட்டை அகஸ்தியா 2020-இல் மூடியது. அசோக் நகர் உதயம் 2024-இல் மூடியது. வணிக வளாகத்துக்குள் பளபளக்கிற திரையரங்குகள் நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே படம் விட்டால் மின்தூக்கியில் இறங்கி, நிலவறையில் காரை எடுத்து, வீட்டு நிலவறையில் கொண்டு வந்து விடலாம். தெருவே தேவையில்லை. தெருவைத் தொடாத இரவு அது. மீண்டு வந்திருப்பது அந்த இரவுதான்.

சட்டமும் இதற்கு ஒத்தாசையாகத்தான் இருக்கிறது. கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழ்நாட்டு சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. 2022-இல் அதை மூன்றாண்டு நீட்டித்தார்கள், 2025-இல் மறுபடியும் நீட்டித்தார்கள். நல்ல காரியம், நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சலுகை யாருக்கு? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைக்கு! ஒற்றை ஆளாக, அல்லது புருஷனும் பெண்சாதியுமாகத் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவர்களுக்கு அதில் ஒரு வரி கிடையாது. அவர்களுக்கென்று 2014-இல் மத்திய சர்க்கார் தனியாக ஒரு சட்டம் செய்தது. நோய்க்காலத்தில், 2020 ஜூனில், பத்தாயிரம் ரூபாய் கடன் கொடுக்கிற திட்டமும் வந்தது. கடன் கொடுத்தவர்கள், வண்டியை எந்த இடத்தில், எத்தனை மணிவரை நிறுத்தலாம் என்பதையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டாமா?

எங்கள் பேட்டையில் ஒரு கையேந்தி பவன். நடத்துகிறவள் ஐம்பது வயதுக்காரி. இட்லி, முட்டைத் தோசை, வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் பாயா. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருக்கிறவர்கள், ஆட்டோக்காரர்கள், விடுதிப் பையன்கள், தெரு பெருக்குகிற மாநகராட்சிப் பெண்கள் எல்லோரும் அவளுடைய வாடிக்கை. கொரோனாவுக்கு முன்னால் 1 மணிவரை அவளுடைய அடுப்பு எரியும். இப்போது 10.30-க்கெல்லாம் ரோந்து வண்டி வந்து நிற்கிறது. “எனக்கு யாவாரமே பதினொண்ணு மணிக்கு மேலத்தான் சார். அதுக்குள்ளாற மூட்டை கட்டுன்றாங்க” என்றாள். சட்டம் கேட்டாளா, நியாயம் கேட்டாளா? இல்லை, கேட்டுக்கொண்டே கரண்டியைக் கழுவினாள்.

வண்டியை அகற்றச் சொல்லி மனுக் கொடுத்தவர்கள் யாரென்று விசாரித்தேன். நம் ஆட்கள்தாம், நாவல் படிக்கிற, வரி கட்டுகிற, குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிற ஜனங்கள்தாம். ராத்திரியில் கண்டவர்களும் வந்து நிற்கிறார்களாம். அந்தக் கனவான்களுக்குப் பதினொன்றரை மணிக்குப் பசித்தால் என்ன செய்கிறார்கள்? கைபேசியைத் தட்டுகிறார்கள். ஸ்விக்கிப் பையனோ சொமேட்டோப் பையனோ எட்டு மைல் தாண்டி வந்து, வாசற்காவலாளியிடம் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மின்தூக்கியில் ஏறி, வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறான். அவனை, ‘ராத்திரியில் உனக்கு என்ன வேலை?’ என்று ரோந்துக்காரர் கேட்பதில்லை. அவன் போட்டிருக்கிற கம்பெனிச் சட்டைதான் அவனுடைய இ-பாஸ். அதே பையன் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடிக்க மூலையில் நிற்கட்டும், கேள்வி வருகிறதா இல்லையா பாருங்கள்! நமக்குச் சேவகம் செய்கிறவரைக்கும் ஏழைக்கு இரவில் இடமுண்டு. அவன் தனக்காக நிற்கும்போதுதான் நமக்குத் திருடன் ஞாபகம் வருகிறது.

பெருக்குகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். 2020 மார்ச் 22-இல் மாடியில் நின்று கை தட்டினோம். முன்களப் பணியாளர் என்று பட்டம் கொடுத்தோம். சில தெருக்களில் மாலைகூடப் போட்டோம். 2025 ஆகஸ்டில் வேலை பறிபோகிறது என்று அவர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நீதிமன்ற உத்தரவு வந்தது. போலீஸார் நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். ராத்திரியில் இந்தப் பெண்கள் தெருவைப் பெருக்கலாம்; தெருவில் உட்காரத்தான் கூடாது.

“எல்லாம் சரி ஐயா, பாதுகாப்பு வேண்டாமா? நாங்கள் தூங்க வேண்டாமா?” என்று கேட்பீர்கள். தூங்குங்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியோடு தடை இருக்கிறது. அதை நானும் ஆதரிக்கிறவன்தான், நமது அரசியல் கட்சிகளும் கோயில் தர்மகர்த்தாக்களும் ஆதரித்தால் இன்னும் நன்றாக இருக்கும். தோசைக்கல்லின் சத்தம் யார் தூக்கத்தையும் கெடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2023 ஜனவரி 11-இல், இரவு 1 மணிக் காட்சிக்கு வந்த கூட்டத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் கோயம்பேட்டில் லாரி மேலிருந்து விழுந்து செத்தான். பெற்ற வயிறு பற்றி எரிந்திருக்கும். அதற்குப் பிறகு விடியற்காலைக் காட்சிகள் நின்றன. அந்த வருஷம் அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. நடிகனுக்காக லாரி மேல் ஏறி ஆடுகிற பைத்தியத்தை உண்டாக்கியவர்கள் எல்லாரும் பகலில் உலவுகிறவர்கள். அவர்களை விட்டுவிட்டு, இருட்டைக் கைது செய்தால் ஆயிற்றா? திருட்டுப் பயமும் அப்படித்தான். விளக்கு எரிகிற ஒரு வண்டி, அதைச் சுற்றி நாலு பேர். திருடனுக்கு அதைவிட வேண்டாத இடம் எது? அந்த வண்டியை அகற்றிய மறுநாளே தெருமுனை இருட்டிப் போயிற்று. இருட்டாயிருக்கிறது, பெண்கள் போகப் பயப்படுகிறார்கள், ஒரு காமிரா வையுங்கள் என்று அதே சங்கத்தார் இன்னொரு மனுக் கொடுத்திருக்கிறார்கள்!

எனக்கு வேண்டியது என்ன என்று கேட்டால், பெரிய பட்டியல் ஒன்றும் என்னிடமில்லை. பத்துப் பேர் வேலை செய்கிற கடைக்குக் கொடுத்த இரவை ஒருத்தி வேலை செய்கிற கடைக்கும் கொடுக்கட்டும். மெட்ரோ ரயில் 11 மணியோடு படுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு வீடு திரும்புகிற ஓட்டல் சிப்பந்திக்கும் நர்ஸம்மாவுக்கும் மணிக்கு ஒரு பஸ்ஸாவது இருக்கட்டும். 10 மணி அடித்ததும் கடற்கரையில் விசில் ஊதுகிற போலீஸ்காரர் தாராளமாக ஊதட்டும், கடலில் இறங்குகிறவனைப் பார்த்து. மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறவனிடம் அவருக்கு என்ன வழக்கு?

அந்த 24 மணி நேர உத்தரவில் ஒரு நல்ல ஷரத்து இருக்கிறது. இரவில் வேலை பார்க்கிற பெண் ஊழியரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். முறைவேலைக்கு வருகிற பெண்களுக்கு வாகன வசதி செய்ய வேண்டும். ஓய்வறை, கழிவறை எல்லாம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வண்டிக்காரிக்கு அது பொருந்தாது. அவளுக்குத் தெருதான் கடை, ஊர்ப் பொதுக் கழிவறைதான் கழிவறை. எங்கள் பேட்டையில் அப்படி ஒன்று புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். வழவழப்பான ஓடு பதித்து, வாசலில் செடி வைத்து, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. இரவு 9 மணிக்கு அதைப் பூட்டிவிடுகிறார்கள்.